பேர் கட்டும் இடம்

"பேர் சொல்லும்மா. பேர் இல்லாம பாட முடியாது."

"சும்மா ஒரு பேர் வெச்சுக்கோங்களேன். ராமன்னோ கிருஷ்ணன்னோ."

"இன்னாம்மா நீ! அந்தப் பேர்ல உசுரோட கீறவன் தெருவுக்குப் பத்து பேரு. காத்தால பல்லு வெளக்கிகினு நின்னுகினு இருப்பான். என் பாட்டு போயி அவன் வூட்டுக் கதவத் தட்டணுமா?"

"அப்போ பேரே இல்லாம பாடுங்க."

"அது இத்தவிட மோசம். பேர் இல்லாத பாட்டு யாருக்குன்னு தெரியாம ஊர் ஊரா தேடிகினு திரியும். பாவம்மா அது."

சாவித்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மடியில் இருந்த டேப் ரெக்கார்டர் நழுவப் பார்த்தது, இழுத்துப் பிடித்துக்கொண்டாள். மாமா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த சாமான் அது. ஏரிக்கரைப் புழுதியில் வைக்க மாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்துவிட்டுத்தான் எடுத்து வந்திருந்தாள்.

எதிரே கருவேல மர நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்த ஏசுபாதம் சிரிக்கவில்லை. தாம்பரம் மரக்கடையில் மூட்டையும் மரமும் இறக்குகிற ஆள், எல்லாவற்றுக்கும் சிரிப்பவர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட மாட்டார். இந்த இடமே அவர் சொன்ன இடம்தான். சாவித்ரி முதலில் வீட்டுக்குத்தான் கூப்பிட்டாள். சிட்லபாக்கத்தில் அவர்கள் வீட்டு வராண்டா நல்ல நிழல், ஃபேன் உண்டு. அவர் வாசல் கேட்டைக்கூடத் தாண்டவில்லை. "சாவு வியாத வூட்டுல சாவுப் பாட்டு பாடுனா உங்கப்பா என்னெச் செருப்பால அடிப்பாரு. அவரு அடிக்கலன்னா நானே அடிச்சிக்குவேன்" என்று சொல்லிவிட்டு, ஏரிக்கு அந்தப் பக்கம் கல்லறைத் தோட்டம் தெரிகிற இந்தக் கரையைக் காட்டினார். அப்பா லக்ஷ்மிநாராயணன் நிம்மதியாக மூச்சு விட்டார். சாவைவிட அவருக்குப் பயம், பக்கத்து வீட்டு ரிடையர்டு ஹெட்மாஸ்டர்.

எண்பத்தெட்டாம் வருஷத்து மார்ச் மாதம் அது. சாவித்ரி எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தாள். ஆராய்ச்சித் தலைப்பு, சென்னைப் புறநகரின் இறப்புப் பாடல்கள். அந்தத் தலைப்பு அவளுக்கு ஒரு லெவல் கிராசிங்கில் கிடைத்தது.

அதற்கு முந்தின வருஷம் ஒரு நாள் மத்தியானம். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் வேனில் வைத்து விற்கிற மலிவு விலை மொழிபெயர்ப்பு நாவல்களைப் பை நிறைய வாங்கிக்கொண்டு சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். சானடோரியம் பக்கம் கேட் போட்டிருந்தார்கள். கேட்டுக்கு முன்னால், நடு ரோட்டில் ஒரு பாடை இறக்கி வைக்கப்பட்டிருந்தது. இட்லிக் கடைக் கங்கம்மாளுடையது. மேளக்காரர்கள் வியர்வையைத் துடைத்தார்கள். கூட்ஸ் வண்டி வருகிற வழியாகத் தெரியவில்லை. அப்போதுதான் காவி வேட்டி கட்டிய ஒரு ஆள் பாடைப் பக்கத்தில் நின்று, காதில் கையை வைத்து, எவ்வித முஸ்தீபும் இல்லாமல் எடுத்தார்:

களிமண்ணக் கொழச்சு வெச்சு கை நெறையப் பொம்மை செஞ்சான்
ஊதிவுட்ட காத்துக்கொரு நூலு கட்டிப் புடிச்சிகினான்
நூல அவன் இழுக்கையிலே பொம்மைக்கின்னா கோவமடா…

பின்னால் ஸ்கூட்டரில் இருந்தவர் ஹாரனை அடித்தார். "யோவ், ரோடா இது, கச்சேரி சபாவா?"

"சபாதான் சார். டிக்கெட் கெடையாது, குந்திக் கேளு" என்றார் பாடுகிறவர். அவர்தான் ஏசுபாதம். பாடையைச் சுற்றி அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். அதற்குள் வண்டி போய், கேட்டைத் தூக்கிவிட்டார்கள். பாட்டு அந்த இடத்திலேயே நின்றது. பாடை எழுந்து தண்டவாளத்தைக் கடந்தது.

சாவித்ரி கேட்டது அந்தப் பாதிப் பாட்டைத்தான். பாதிப் பாட்டின் மேல்தான் அவளுக்குப் பைத்தியம் பிடித்தது.

காரணம் அவள் படித்த நாவல்கள். அந்த நாவல்களில் பனி பெய்தது. வண்டிக்காரர்கள் குதிரைகளோடு பேசினார்கள். கோதுமை அறுக்கும் பெண்கள் சாயங்கால வெளிச்சத்தில் பாடிக்கொண்டு வீடு திரும்பினார்கள். ஒரு பிரபுவின் மகன் ஜன்னலில் நின்று அதைக் கேட்டு, தன் வாழ்க்கை முழுவதும் வீண் என்று உணர்ந்தான். சாவித்ரியும் அப்படி ஒரு ஜன்னலில்தான் நின்றாள். ஜன்னலுக்கு வெளியே சிட்லபாக்கம். அக்கினி நட்சத்திர வெயிலில் காய்ந்து கிடக்கும் ஏரியை உறைந்த நதியாக நினைத்துப் பார்ப்பாள். அந்த நாவல்களின் குடியானவர்கள் பாடிய பாட்டு எல்லாம் மண்ணிலிருந்து முளைத்த மாதிரி இருக்கும். ஒருவரும் சினிமா மெட்டில் பாடியதில்லை.

ஏசுபாதம் பாடினார். அதுதான் சிக்கல்.

அவருடைய பாட்டுக்கு மூன்று பகுதி. முதலில் பழைய மெட்டில், களிமண் பொம்மை. அது எல்லாச் சாவுக்கும் பொது. அப்புறம் நடுவில் செத்தவரின் பேர் வரும், அவர் செய்த தொழில் வரும், பெண்டாட்டி பிள்ளைகள் வருவார்கள். இதை அவர் "பேர் கட்டறது" என்பார். பேர் கட்டும் இடம் வந்ததும், செத்தவருக்குப் பிடித்த ஏதாவது சினிமாப் பாட்டின் மெட்டுக்குப் பாட்டு தடாலென்று தாவிவிடும். கட்டி முடித்ததும் மறுபடி பழைய மெட்டுக்கு வந்து, வந்த ஜனங்களை வீட்டுக்குப் போகச் சொல்லி முடியும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பதிவு செய்ததைத் தன் வழிகாட்டி புரொபசர் ஏகநாதனிடம் சாவித்ரி போட்டுக் காட்டினாள். களிமண் வரும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சினிமா மெட்டு வந்ததும் கண்ணைத் திறந்தார்.

"இது எதுக்கு?"

"அவர் இப்படித்தான் பாடறார் சார்."

"பாடுவார். தெருவுக்குத் தெரு ஸ்பீக்கர் கட்டிக் கத்தினா வேற எப்படிப் பாடுவார்? சினிமா வந்தப்புறம் ஜனங்ககிட்ட அவங்களோடதுன்னு எதுவும் மிஞ்சலம்மா. மிஞ்சினதை மட்டும் எடு. கேசட்டை வீணாக்காதே."

"அதைப் பாட வேண்டாம்னு சொல்லிடட்டுமா?"

ஏகநாதன் மென்மையான மனிதர். "சேச்சே, மனசு புண்படும். பாடட்டும். பாஸ் பட்டன் எதுக்கு வெச்சிருக்கான்?"

அது சாவித்ரிக்குப் புதிதாகத் தோன்றவில்லை. அவள் வீட்டில் ரேடியோ இருந்தது. கர்நாடக சங்கீதம் முடிந்து அடுத்து திரையிசை என்று அறிவிப்பாளர் வாயைத் திறந்ததும், அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கையை நீட்டித் திருகிவிடுவார். டக். "அந்தக் கண்றாவி வேண்டாம்." அவர் ஆபீஸ் போனதும் அம்மா அடுக்களையில் அதே ரேடியோவைக் காதோரம் வைத்துக் கேட்டுக்கொண்டே கூட்டு கிளறுவாள். சாவித்ரியும் கேட்பாள். வரி வரியாக மனப்பாடம். ஆனால் அதை யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. அது ஒரு பாட்டே அல்ல, பல்லிடுக்கில் மாட்டிய கொத்தமல்லி மாதிரி, வெளியே போகும்போது எடுத்துவிட வேண்டிய ஒன்று.

ஆகவே அடுத்தடுத்த ஞாயிறுகளில் அவள் கட்டை விரல், பதிவை நிறுத்தி வைக்கிற அந்தப் பாஸ் பட்டன் மேலேயே இருந்தது. ஏசுபாதம் கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுவார். பேர் கட்டும் இடம் வரும்போது மெல்ல அழுத்துவாள். களிமண் திரும்பி வரும்போது மெல்ல விடுவாள். கங்கம்மாவுக்குப் பாடியது, மின்சாரம் தாக்கிச் செத்த லைன்மேன் ரவிக்குப் பாடியது, யாரோ ஒரு பூக்காரிக்குப் பாடியது எல்லாம் இப்படியே பதிவாயின. ஒட்டு தெரியாத அளவுக்குக் கை பழகியிருந்தது. "எவ்வளவு சுத்தமா இருக்கு பார்" என்று ஏகநாதன் தலையாட்டினார்.

இப்போது, இந்த ஞாயிற்றுக்கிழமை, பேர் தீர்ந்துவிட்டது.

"எனக்குத் தெரிஞ்சு செத்தவங்க எல்லாத்தையும் பாடியாச்சும்மா. இனிமே யாராவது புச்சா சாவணும்" என்றார் ஏசுபாதம். பீடியை எடுத்தார், பற்ற வைக்காமல் உருட்டிக்கொண்டிருந்தார். "கோயில்ல என்னெப் பாட வுட மாட்டாங்கோ தெரியுமா? கிறிஸ்மஸுக்கு ஒரு தபா ஷோக்கா ஒரு மெட்டு போட்டேன். கெயவிங்கல்லாம் ஆட ஆரம்பிச்சிட்டாங்கோ. பாஸ்டரு, ஏசுபாதம், இது கர்த்தர் வூடு, டூரிங் டாக்கீஸ் இல்லன்னாரு. நா சொன்னேன், அய்யா, கர்த்தரு டாக்கீஸுக்கு வர மாட்டாரா, பெஞ்சு டிக்கெட்ல குந்தி இருப்பாரேன்னு. அன்னிக்கு வெளிய போட்டாரு என்னெ."

சாவித்ரி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. ஏரியைப் பார்த்தார். எதிர்க்கரையில் ஒரு பெண் கல்லில் துணி அடித்துக்கொண்டிருந்தாள். அடி கண்ணுக்குத் தெரிந்து, சத்தம் கொஞ்சம் பிந்தி வந்தது.

"ஒரு பேரு கீது" என்றார்.

"யாரு?"

"ஞானஜோதி. எம் பொண்ணு."

அவருக்கு ஒரு பெண் இருந்தது சாவித்ரிக்குத் தெரியாது. இருந்து, போனதும் தெரியாது. சானடோரியம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தாளாம். போன ஐப்பசியில் மஞ்சள் காமாலை. கீழாநெல்லி கொடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நேரம் கடந்துவிட்டது.

"அன்னிக்கு நா பாடல. பெத்தவன் பாட முடியாதும்மா, தொண்டையில கல்லு நிக்கும். பம்மல்லேர்ந்து ஒர்த்தன் வந்து பாடினான். நல்லாத்தான் பாடினான். ஆனா அவளுக்கு இன்னா பாட்டு புடிக்கும்னு அவனுக்கு எப்டித் தெரியும்? வேற எதையோ போட்டுப் பேர் கட்டிட்டான்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "மனசுக்குள்ளாற நா ஒண்ணு கட்டி வெச்சிக்கீறேன். யார்கிட்டயும் பாடல. அவ அம்மாகிட்ட பாடுனா அவ வியுந்துடுவா. இந்தப் பொட்டிகிட்டன்னா பாடிடலாம். பொட்டி அழாது."

சாவித்ரி டேப் ரெக்கார்டரை மடியில் நிமிர்த்தி வைத்தாள். ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாள்.

அவர் காதில் கையை வைத்துக் கண்ணை மூடினார். களிமண்ணைக் குழைத்தார். பொம்மை செய்தார். நூலைக் கட்டினார். இதுவரை பாடியதில் இதுபோலக் குரல் வந்ததே இல்லை. நூலை இழுக்கும் இடத்தில் ஒரு இருமல் வந்தது. இருமிவிட்டு, விட்ட இடத்தில் எடுத்தார். அப்புறம் ஒரு மூச்சு. அடுத்து எல்லாருக்கும் தெரிந்த ஒரு மெட்டு. முந்தின வருஷம் முழுக்க டீக்கடை டீக்கடையாக, கல்யாணம் கல்யாணமாக ஒலித்துத் தேய்ந்த ஒரு காதல் பாட்டின் மெட்டு. அம்மா அடுக்களையில் முணுமுணுக்கும் மெட்டு.

சாவித்ரியின் கட்டை விரல் இறங்கியது.

நினைத்துச் செய்யவில்லை. கை பழகியிருந்தது. இறங்கின பிறகு அவளுக்கே ஒரு சின்னத் திடுக்கிடல். விரலை எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் ஏற்கெனவே ஒரு வரி போய்விட்டது. பாதியிலிருந்து டேப்பில் விழுந்தால் அசிங்கமாக இருக்கும், புரொபசர் எப்படியும் வெட்டச் சொல்வார் என்று இன்னொரு மனம் சொன்னது. அவர் பாடிக்கொண்டிருந்தார். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் எப்போது முடியும், எப்போது விரலை எடுக்க வேண்டும் என்பதற்காகவே கேட்டாள். நூல் கோத்து வெச்சேன் என்று ஏதோ வந்தது. நடுவில் தண்ணீரிலிருந்து ஒரு வெள்ளைக் கொக்கு எழும்பிப் பறந்தது, அதைப் பார்த்தாள். எதிர்க்கரையில் துணி அடிக்கும் சத்தம் நின்றிருந்தது.

பழைய மெட்டு திரும்பியது. விரலை எடுத்தாள்.

பொம்மை போன பாதையில புல்லு கூடச் சாயலடா
வந்த சனம் வூட்டுக்குப் போ, வாசல்ல வெளக்கெரியுது…

முடித்து வெகுநேரம் அவர் கண்ணைத் திறக்கவில்லை. திறந்ததும் முதலில் பார்த்தது டேப் ரெக்கார்டரைத்தான்.

"எல்லாம் வியுந்துச்சா?"

"விழுந்துது" என்றாள் சாவித்ரி.

"அப்ப சரி." எழுந்து துண்டை உதறினார். நெஞ்சிலிருந்து எதையோ இறக்கி வைத்த ஆள் மாதிரி இருந்தார். பீடியைப் பற்ற வைத்தார். "இனிமே நா பாட வேணாம். உள்ள பத்திரமா கீது இல்ல?"

அதற்கு அப்புறம் அவரைப் பதிவு செய்ய வேண்டிய தேவை வரவில்லை. ஆய்வேட்டுக்கு நல்ல பெயர் கிடைத்தது. "கலப்படமற்ற வாய்மொழி மரபு" என்று ஒரு அத்தியாயத்துக்கே தலைப்பு. சாவித்ரிக்கு ஒரு பெண்கள் கல்லூரியில் வேலை கிடைத்தது. கேசட்டுகள் ஒரு பிஸ்கட் டின்னில், அலமாரியின் மேல்தட்டில், நாவல்களுக்குப் பின்னால் போயின. எப்போதாவது லெவல் கிராசிங்கில் ஏசுபாதத்தைப் பார்ப்பாள். "இன்னாம்மா, சௌக்கியமா? எம் பொண்ணு சௌக்கியமா?" என்பார். யாராவது கேட்டால் அவருடைய பெண் சாவித்ரியின் வீட்டில் தங்கிப் படிப்பதாக நினைப்பார்கள். சாவித்ரி தலையாட்டுவாள்.

தொண்ணூற்றாறில் நிலைமை மாறியிருந்தது. கானா என்று பேர் சூட்டி, சாவு வீட்டுப் பாட்டைச் சினிமாவே எடுத்துக்கொண்டுவிட்டது. கோட்டு சூட்டு போட்ட கதாநாயகர்கள் அதற்கு ஆடினார்கள். ரிடையர் ஆன லக்ஷ்மிநாராயணன் கேபிள் டிவி முன்னால் ஈசிச்சேரில் சாய்ந்தபடி, ஒரு காலத்தில் தானே டக்கென்று அணைத்த பாட்டுகளைத் தாளம் போட்டுக் கேட்டார். "என்ன மெலடி பார். இப்போ வர்றதெல்லாம் பாட்டா? அந்தக் காலத்துப் பாட்டு பாட்டு." அடுக்களையிலிருந்து அம்மா சிரித்தாள்.

அந்த டிசம்பரில் புரொபசர் ஏகநாதன் போன் செய்தார். இப்போது பெரிய ஆராய்ச்சி மையத்துக்கு இயக்குநர்.

"சாவித்ரி, டெல்லியில செமினார். வெகுஜனக் கலாசாரம். இப்போ உலகம் பூரா அதைத்தான் பேசறாங்க. சினிமா மெட்டை ஏழை ஜனங்க எடுத்துத் தங்களோடதா ஆக்கிக்கறாங்க பாரு, அதுதான் சப்ஜெக்ட். உன் கேசட்ல அந்த நடுப்பகுதியெல்லாம் இருக்குமே. தங்கம்மா அது."

"இல்ல சார்."

"ஏன் இல்ல?"

"நீங்க பாஸ் பண்ணச் சொன்னீங்க."

"சொல்லியிருப்பேன். அப்போ நம்ம கையில இருந்த தியரி அப்படி" என்றார் ஏகநாதன். வருத்தமாகத்தான் சொன்னார். அப்புறம், "சரி, ஏதாவது ஒண்ணு ரெண்டு தப்பி விழுந்திருக்கும், தேடிப் பாரேன்" என்று வைத்துவிட்டார்.

அன்று மாலையே பிஸ்கட் டின்னை இறக்கினாள். நாவல்களின் தூசி தும்மல் வரவழைத்தது. கேசட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். களிமண், பொம்மை, நூல், பட்டன் அழுந்திய ஒரு சின்ன டிக். புல் சாயாத பாதை, வாசல் விளக்கு. மறுபடி களிமண், பொம்மை, நூல், டிக். கங்கம்மா எது, ரவி எது, பூக்காரி எது என்று அவளுக்கே தெரியவில்லை. எல்லாச் சாவும் ஒரே சாவாக இருந்தது. மண்ணிலிருந்து முளைத்த பாட்டு இருந்தது, அந்த மண்ணில் புதைந்த ஒரு ஆள்கூட இல்லை. எழுதின அத்தியாயத்தில் ஒரு பேர்கூட இல்லை என்பதை எட்டு வருஷம் கழித்துத்தான் பார்த்தாள்.

கடைசிக் கேசட்டை அவள் போடவில்லை. அதில் என்ன இல்லை என்று தெரியும்.

அதைப் போட வைத்தது சரசு.

பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை காலை, கேட்டைத் திறந்துகொண்டு ஒரு அம்மாள் வந்தாள். கையில் ஒயர் கூடை. கூடைக்குள் துண்டு சுற்றிய ஒரு சின்ன டேப் ரெக்கார்டர். "சாவித்ரிம்மா கீறாங்களா? நா சரசு. ஏசுபாதம் வூட்டுக்காரி."

சாவித்ரி வராண்டாவில் நாற்காலி போட்டாள். சரசு தரையில் உட்கார்ந்தாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. காபியை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

"அவருக்குத் தொண்டையில கட்டி. ஜி.எச்.ல வெட்டி எடுத்துட்டாங்கோ. உசுரு கீது, கொரலு பூட்ச்சு. ஓட்ட போட்டுக் கொயா வெச்சிக்கீறாங்க. காத்துதான் வருது, பேச்சு வர்ல." காபியை ஆற்றிக்கொண்டே, ஊரில் யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். "அவ்ளோ பேசின மனுசன். ஆஸ்பத்திரில நர்ஸம்மா சொல்றாங்கோ, இந்த வார்டுலயே அமைதியான பேஷண்ட் இவருதான்னு. நா சிரிச்சிட்டேன்."

"அக்கா…"

"இருக்கட்டும்மா. வயசாச்சு. நா வந்தது அதுக்கில்ல." சரசு குரலைத் தாழ்த்தினாள். "நேத்து கையால ஒண்ணு காட்னாரு. தொண்டையத் தொட்டாரு, அப்பால இப்டிச் சதுரமா ஒரு பொட்டி மாதிரி. எனக்குப் புரிஞ்சிடுச்சு. நம்ம ஜோதி பாட்டு. உங்ககிட்ட கீதுன்னு எத்தினி தபா சொல்லிக்கீறாரு! ஒரு தபா எனக்குப் பாடிக் காட்டுய்யான்னா, எதுக்குடி, அது அந்தம்மா பொட்டில பத்திரமா கீது, நெனச்சா போய்க் கேட்டுக்கலாம்பாரு. கேக்கத்தான் எனக்கு தில்லு வர்ல இவ்ளோ நாளு."

சாவித்ரி வாயைத் திறந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். உண்மையாகவே நினைத்தாள். முதல் வார்த்தை எது என்பதுதான் கிடைக்கவில்லை. அந்த இடம் அதில் இல்லை அக்கா என்றால், ஏன் இல்லை என்று கேட்பாள். அந்த மெட்டு எங்களுக்கு வேண்டாத மெட்டு என்று எந்தத் தமிழில் சொல்வது?

"அன்னிக்கு நா எதிர்க்கரையில துணி தொவைச்சிகினு இருந்தேன்மா. அவரு ஜோதி மெட்ட எடுத்ததும் தெரிஞ்சிடுச்சு எனக்கு. கல்லுல அடிக்கறத வுட்டுட்டு நின்னுட்டேன். காத்து இப்டியும் அப்டியுமா அடிச்சுது. பாதி வந்துச்சு, பாதி வர்ல. ஜோதின்னு மட்டும் கேட்டுச்சு. அந்த மெட்டு கேட்டுச்சு. அவ மிஷின்ல குந்திகினு அத்தயேதான் பாடுவா, கேட்டுக் கேட்டு எனக்கு பேஜாரா பூடும், ஏ வாய மூடுடின்னு கத்துவேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கூடையிலிருந்து டேப் ரெக்கார்டரை எடுத்தாள். "பக்கத்து வூட்ல வாங்கியாந்தேன். புச்சா பேட்டரி போட்டுக்கீறேன். நீங்க போட்டீங்கன்னா இதுல புடிச்சிகினு போயி அவருக்குக் காட்டிடுவேன். எந்தப் பட்டன அமுக்கறது?"

சாவித்ரி உள்ளே போனாள். அலமாரி முன்னால் நின்றாள். கேசட் கிடைக்கவில்லை என்று சொல்லலாம். நாடா அறுந்துவிட்டது என்று சொல்லலாம். அவள் படித்த நாவல்களில் இப்படி ஒரு கட்டம் வந்தால், பிரபுவின் மகன் மண்டியிட்டு அழுது எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். அந்தப் பக்கத்தில் பனி பெய்யும். இங்கே முன்னறையில் அப்பாவின் டிவி ஓடிக்கொண்டிருந்தது. டின்னைத் திறந்து கடைசிக் கேசட்டை எடுத்தாள். நூல் கோத்து வெச்சேன் என்பதற்கு அடுத்த வரியை மனதுக்குள் தேடினாள். கொக்குதான் வந்தது.

வராண்டாவில் கேசட்டைப் போட்டாள். சரசு தன் டேப் ரெக்கார்டரை ஸ்பீக்கருக்கு முன்னால் நகர்த்தி, பட்டனை இரண்டு விரலாலும் பலமாக அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தம் போடக் கூடாது என்று வாயில் விரலை வைத்துக் காட்டினாள்.

களிமண்ணைக் குழைத்தார். சரசு குரலைக் கேட்டதும் தலை குனிந்துகொண்டாள். பாட்டுக்குப் பின்னால், தூரத்தில், டொப், டொப் என்று ஒரு சத்தம் கேட்டது. சரசு நிமிர்ந்தாள். முகம் விரிந்தது. தன் மார்பைத் தொட்டுக் காட்டி, துணி அடிப்பது போலக் கையை ஓங்கிக் காட்டினாள். நான், நான்தான் அது. சாவித்ரி தலையாட்டினாள். பொம்மை, நூல். நூலை இழுக்கும் இடத்தில் இருமல் வந்தது. சரசு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. டொப், டொப். இப்போது நின்றுவிடும் பார் என்று கையைத் தூக்கி அந்தரத்தில் நிறுத்தி, சாவித்ரியைப் பார்த்தபடியே காத்திருந்தாள்.

டிக்.

பொம்மை போன பாதையில புல்லு கூடச் சாயலடா என்று ஏசுபாதம் பாடினார்.

சரசுவின் கை அந்தரத்திலேயே இருந்தது. வந்த ஜனங்களை வீட்டுக்குப் போகச் சொன்னது பாட்டு. அப்புறம் நாடாவின் இரைச்சல். அந்த இரைச்சலையும் சரசுவின் பெட்டி உண்மையாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா, தாண்டிப் போயிட்ச்சா?" என்றாள் சரசு. கோபமோ சந்தேகமோ இல்லாத குரல். படிக்காத தனக்கு இந்த மிஷின் சூட்சுமம் தெரியாததைப் பற்றிய கூச்சம்தான் அதில் இருந்தது. முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தாள். "பரவால்ல. கொஞ்சம் பின்னால சுத்தி, ஜோதி பேரு வர்ற அந்த எடத்துலேர்ந்து போடும்மா."